மதுராபுரி மகாநாயகன்: பாண்டிய அரியணையின்மீது மாவலி வாணாதிராயர் கொண்ட உரிமையும் அதனை வாசித்த முறைகளும்

ஆய்வுச்சுருக்கம்

15-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி மதுரையையும் திருவில்லிபுத்தூரையும் உள்ளிட்ட பகுதியில் மாவலி வாணாதிராயர் என்னும் பட்டத்தினர் ஆட்சி செலுத்தினர். அவர்களை மதுரை வரலாற்று ஏடுகள் பாண்டியனுக்கு ஆடல்மகள் வயிற்றிற் பிறந்த மக்களாகக் கூறுகின்றன. கல்வெட்டுகளோ அவர்களைப் ‘பாண்டியகுலாந்தகன்’ என்கின்றன. இம்முரண்பாட்டைப் பிறப்புரிமைச் சிக்கலாகவே நோக்கி வந்த வாசிப்பை இக்கட்டுரை மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: வாணாதிராயர், உறங்காவில்லிதாசன், திருவில்லிபுத்தூர், தென்காசிப் பாண்டியர், இலக்கண நாயக்கர், மானபூஷன்.

சிக்கலின் இடம்

பாண்டியர் வரலாற்றை எழுதியவர்கள் மாறவர்மன் குலசேகரனின் மக்களாகிய சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் 1310-ஐ ஒட்டி நிகழ்த்திய தாயாதிப் போரை விரிவாக எழுதினர். மதுரைச் சுல்தான்களின் ஆட்சி, 1371-ஐ ஒட்டிய குமார கம்பணன் படையெடுப்பு ஆகியவற்றுக்கும் உரிய இடம் தந்தனர். அதன்பின் கதை தென்காசிக்கு நகர்ந்துவிடுகிறது. 1422-இல் முடிசூடிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், 1446-இல் அவன் தொடங்கிய காசி விசுவநாதர் கோயில் திருப்பணி, 1463-இல் அவன் மறைவு என வரலாறு அங்கேயே தங்கிவிடுகிறது. 1529-ஐ ஒட்டி விசுவநாத நாயக்கர் வரும்போதுதான் மதுரை மீண்டும் கண்ணிற்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் மதுரையை ஆண்டவர் யாவர் என்னும் வினாவுக்கு நூல்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரு பத்தி அளவினதே. அந்தப் பத்தியில் வருபவர்கள்தாம் வாணாதிராயர்.

அவர்களைப் பற்றிய குறிப்புகளில் ‘அபகரித்தவர்’, ‘முறையற்ற வழியினர்’ ஆகிய இரு சொல்லாட்சிகளுள் ஒன்றேனும் இடம்பெறுவது வழக்கம். முன்னது அரியணைக்கு வேறு உரியவர் இருந்தார் என்னும் முடிவைத் தன்னுள் கொண்டது. பின்னது அவ்வுரிமை குருதியால் வருவது என்னும் முடிவைக் கொண்டது. இவ்விரு முடிவுகளும் சான்றுகளிலிருந்து பெறப்பட்டனவா, சான்றுகளின்மேல் ஏற்றப்பட்டனவா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

ஏடு கூறும் பிறப்புக் கதை

நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் உருவான மதுரை வரலாற்று ஏடுகளின் செய்தி சுருக்கமானது. விசயநகரத் தளகர்த்தராகிய இலக்கண நாயக்கர் 1451-இல், பாண்டியன் ஒருவனுக்கு அபிராமி என்னும் காளையார்கோவில் ஆடல்மகளிடம் பிறந்த மக்களை அழைத்துவந்து மதுரைக்கு அரசராக்கினார். சுந்தரத்தோள் மாவலி வாணாதிராயர், காளையார் சோமனார், அஞ்சாத பெருமாள், முத்தரசர் திருமலை மாவலி வாணாதிராயர் ஆகிய அந்நால்வரும் 48 ஆண்டுகள் 1499 வரை ஆண்டனர். நெல்சன் தம் மதுரை நாட்டு நூலில் (1868) இதனை ஆங்கிலம் அறிந்தோர்க்கு எடுத்துரைத்தார். சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர் வரலாற்றில் (1924) சுவடிச் செய்திகளையும் கல்வெட்டுகளையும் ஒருங்கு வைத்து நோக்கினார்.

இக்கதையை முற்றிலும் கட்டுக்கதை எனத் தள்ளுதல் இயலாது. இலக்கண நாயக்கர் வரலாற்று மாந்தர். இரண்டாம் தேவராயர் காலத்தில் தென்கடற்பகுதியின் பொறுப்பை ஏற்றிருந்தவர். 1443-இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கின் குறிப்பிலும் இலங்கைப் பக்கம் கடற்பயணம் சென்றிருந்த தண்டநாயகர் ஒருவர் வருகிறார். ஏடு குறிக்கும் 1451-க்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, சக 1375-இல் (கி.பி. 1453), மாவலி வாணாதிராயர் உறங்காவில்லிதாசன் திருவில்லிபுத்தூர்க் கல்வெட்டில் தோன்றுகிறார். ஏடும் கல்லும் காலத்தில் ஒத்துப்போகின்றன. அவை முரண்படுவது குடிவழியில்.

இங்கு நெல்சன் வாழ்ந்த சூழலையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவர் நூல் வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1863-இல், சிவகங்கை ஜமீன் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு வழங்கியிருந்தது. விதவையா, மகளா, தாயாதியா, யாருக்குச் சொத்து சேரும் என்பது பல ஆண்டுகளாக மதுரை மாவட்ட அலுவலர்களின் அன்றாடச் சிக்கலாக இருந்தது. காளையார்கோவிலும் அதே சிவகங்கைச் சீமையில் உள்ளது. ஓர் அரசு யாருடையது என்றால் முதலில் பிறப்புச் சான்றைக் கேட்பது அந்தத் தலைமுறைக்கு இயல்பான அறிவாகவே இருந்திருக்கும். ஏட்டின் கதையும் அதே கேள்விக்கு விடையளிக்கும் வகையில் அமைந்திருந்தமையால் எளிதில் ஏற்புடையதாயிற்று.

நால்வர் பெயர்கள்

ஏடு தரும் நான்கு பெயர்களையும் சற்றே நிறுத்திப் பார்க்கலாம். சுந்தரத்தோளுடையான் என்பது திருமாலிருஞ்சோலை அழகரின் பெயர். காளையார் சோமனார் என்பது காளையார்கோவிலில் சோமேசராக விளங்கும் சிவபெருமானை நினைவூட்டுவது. திருமலை என்பதும் இறைவனின் இருப்பிடம் சார்ந்த பெயரே. ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்தறியப் பெற்றோர் இட்ட பெயர்களாக இவற்றைக் கொள்வதைக் காட்டிலும், ஒரு குடியினர் மீண்டும் மீண்டும் சூடிக்கொண்ட வழிபாட்டுப் பட்டங்களாகக் கொள்வது பொருந்தும்.

இதற்குத் துணைநிற்கும் சான்று காளையார்கோவிலிலேயே கிடைக்கிறது. ஏட்டின்படி 1499-இல் முடிந்துபோன குடி, 1530-களின் தொடக்கத்தில் அச்சுததேவராயர்க்கு அடங்கிய நிலையில் காளையார்கோவில் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. அங்கும் சுந்தரத்தோளுடையார் என்னும் பெயரே காணப்படுகிறது. 1451-இல் முடிசூடிய சுந்தரத்தோளரும் எண்பதாண்டு கழித்து வரும் சுந்தரத்தோளுடையாரும் ஒருவராதல் அரிது. ஆகவே ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட ஆட்சியாளரின் பட்டங்களை ஏடு ஒரே தாயின் நான்கு மக்களாக அடுக்கிவிட்டது என்று கருத இடமுண்டு. அபிராமியின் ஊராகக் காளையார்கோவில் அமைந்ததும் தற்செயலன்று. குடியின் பிற்கால இருப்பிடத்தை அறிந்திருந்த ஏட்டாசிரியர் அதனை அக்குடியின் பிறப்பிடமாக்கியிருக்கலாம்.

‘பிள்ளை’ என்னும் சொல்லையும் இங்குக் கருத வேண்டும். 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட கல்வெட்டுகளில் மாவலி வாணராயர் பட்டம் கொண்ட தலைவர் ‘பிள்ளை’ என்னும் அடைமொழியோடு வருகின்றனர். அது அரசனுக்கு அணுக்கமான தலைவர்க்குரிய மதிப்புச்சொல். சொல்லின் அரசியற்பொருள் மறைந்து உறவுப்பொருள் மட்டும் எஞ்சிய காலத்தில், ‘பாண்டியன் பிள்ளை’ என்னும் நினைவு ‘பாண்டியன் பெற்ற பிள்ளை’ என்றாகியிருத்தல் கூடும். இதனை நிறுவுதற்கு நேரடிச் சான்று இல்லை. எனினும் முறையற்ற பிறப்பு என்னும் கருத்தைக் காட்டிலும் இது குறைந்த கற்பனையையே வேண்டுகிறது.

பட்டங்கள் கூறுவன

கல்வெட்டுகள் வாணாதிராயர்க்குத் தரும் பட்டங்களுள் இரண்டு முதன்மையானவை: ‘மதுராபுரி மகாநாயகன்’, ‘பாண்டியகுலாந்தகன்’. பாண்டியர்க்கு எமனாகத் தம்மைக் கூறிக்கொண்டோர் முன்னரும் இருந்தனர். முதலாம் இராசராசன் பாண்டியகுலாசனி எனப்பட்டான். மதுராந்தகன் என்னும் பெயர் சோழர்க்கு வழக்கமானது. ஆனால் அவர்கள் வெளியிலிருந்து வந்த பகைவர். பாண்டி நாட்டினுள்ளேயே வாழ்ந்து, முன்னர்ப் பாண்டியர்க்கு அணுக்கராயிருந்த பட்டத்தினர் ஒருவர் இப்பெயரைச் சூடுவது வேறு செய்தி. தாம் பாண்டியனின் மகன் என்று நிறுவ விரும்பியவர் தம் தந்தைக் குலத்துக்கே இயமன் என்று கல்லில் எழுதிக்கொள்ள மாட்டார். ஏட்டின் கதையோடு இப்பட்டம் பொருந்தாமையை முன்னைய ஆய்வாளர் கண்டனர். ஆயினும் இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய முயன்றனரேயன்றி, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளந்து பார்க்கவில்லை.

இரண்டாம் பட்டம் அதனினும் நுட்பமானது. ‘மதுராபுரி மகாநாயகன்’ என்பதில் ‘பாண்டியன்’ இல்லை. ‘மன்னன்’, ‘சக்கரவர்த்தி’ போன்ற சொல்லும் இல்லை. இருப்பது ஓர் ஊரும் ‘நாயகன்’ என்னும் சொல்லுமே. விசுவநாதருக்கு முன்னரே மதுரைக்கு நாயகன் என்று ஒருவர் தம்மை அழைத்துக்கொண்டது போதிய அளவு கவனம் பெறவில்லை. வாணாதிராயர் கோரியது பாண்டியப் பெயரையன்று, மதுரையை. பெயர் தென்காசியில் இருந்தது. நகர் இவர்களிடம் இருந்தது. நகரை ஒருவர்க்கு அளிக்கும் ஆற்றல் விசயநகரத்திடம் இருந்தது. ஒரே அரியணை இவ்வாறு மூன்றாகப் பிரிந்து கிடந்த நிலையில், ‘உரியவர், அபகரித்தவர்’ என்னும் இருமை அந்நூற்றாண்டின் அரசியலை விளக்கப் போதாது.

முன்னைய இரு நிகழ்வுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். சோழப் பேரரசு தளர்ந்தபோது காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் 1231-ஐ ஒட்டி மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். பேரரசனுக்குரிய பட்டங்களைச் சூடித் தன்னைப் பல்லவ வழியினனாகவும் காட்டிக்கொண்டான். அதாவது பழைய அரசகுலம் ஒன்றைத் தேடிச் சென்றான். வாணாதிராயர் மதுரையில் இருந்த அதே காலத்தில் இங்கிலாந்தில் யார்க் குடியினர் அரசுரிமை கோரி, 1461-இல் நான்காம் எட்வர்டை முடிசூட்டினர். அவர்களுடைய வாதம் முழுவதும் மூன்றாம் எட்வர்டின் எந்த மகன் வழி மூத்தது என்னும் கொடிவழிக் கணக்கில் நின்றது. வாணாதிராயரும் மாவலி என்னும் தொன்மத் தலைவனைப் பெயரில் தாங்கினர். ஆனால் அம்மாவலி மரபைக் கொண்டு பாண்டிய அரியணைக்கு உறவு கோரவில்லை.

மாவலி என்னும் பெயருக்குரிய நீண்ட வரலாறும் இங்குப் பயன்படும். பழைய வாணர் கல்வெட்டுகள், பரமேசுவரனையே வாயிற்காவலனாகப் பெற்ற மாவலியின் குலத்தில் தோன்றியோர் என்று அவர்களைப் புகழ்கின்றன. அவர்களது சின்னம் எருது. முதலாம் பராந்தகன் அவர்களைப் பெரும்பாணப்பாடியிலிருந்து வீழ்த்திய பின்னும் பெயர் அழியவில்லை. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் மகதை மண்டலத்து ஆறகழூரில் வாணகோவரையராகவும், பின்னர்ப் பாண்டி நாட்டில் மாவலி வாணராயராகவும் அது தொடர்கிறது. இவையெல்லாம் ஒரே குருதியா, வேந்தர் வழங்கிய பட்டத்தின் தொடர்ச்சியா என்பதில் பட்டத்தின் பக்கமே நான் சாய்வேன். குருதித் தொடர்ச்சியை வற்புறுத்துவோர் நான்கு நூற்றாண்டுகளின் இடைவெளிகளைப் பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டே நிரப்ப வேண்டியுள்ளது. இன்று இக்குடியைத் தத்தம் சமூகத்தோடு இணைத்து எழுதப்படும் நூல்களிலும் இதே முறை பின்பற்றப்படுவதைக் காணலாம்.

திருவில்லிபுத்தூரும் மலையடிவார வழியும்

15-ஆம் நூற்றாண்டு வாணாதிராயர் ‘மாவலி’யை வைத்துக்கொண்டனர்; அதனோடு சேர்ந்து நிற்கும் தெய்வத்தை மாற்றினர். ‘உறங்காவில்லிதாசன்’ என்னும் பெயரே இதற்குப் போதிய சான்று. உறையூரில் சோழ அரசனிடம் வீரராகப் பணிபுரிந்து, பின்னர் இராமானுசரின் அடியவரானவர் பிள்ளை உறங்காவில்லிதாசர். காவிரியில் நீராடிக் கரையேறும்போது இராமானுசர் அவர் கையைப் பற்றிக்கொண்டு வந்தார் என்பதும், அதனைக் கண்டோர் குலத்தைச் சுட்டிக் குறை கூறினர் என்பதும் குருபரம்பரை மரபு. பிறப்பு தகுதியாகாது என்பதற்கு வைணவ உலகம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் அடியவரின் பெயரை ஓர் ஆட்சியாளர் தேர்ந்துகொள்கிறார். அவரைப் பற்றி எழுதிய ஏடுகள் முதலில் அவர் பிறப்பைத்தான் ஆராய்கின்றன.

திருவில்லிபுத்தூரின் தேர்வும் இவ்வகையில் பொருளுடையது. விட்டுசித்தர் மதுரையில் வல்லபதேவ பாண்டியன் அவையில் பொற்கிழி பெற்றதும், பட்டத்து யானைமேல் உலா வந்ததும் அவ்வூரின் தலைமை நினைவு. பாண்டியனின் அவையே வில்லிபுத்தூராரிடம் பணிந்து உண்மை கேட்ட கதை அது. தென்காசிப் பாண்டியன் காசி விசுவநாதரை எழுந்தருளுவித்துத் தன் அரசைச் சிவத்தலம் ஒன்றில் நிலைநிறுத்திக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், மதுரையை வைத்திருந்தவர் பாண்டியனுக்கும் மேலான அடியவரின் ஊரில் தாசனாகத் தம்மைப் பதிவு செய்தார்.

இங்கு நிலவியலும் பேசுகிறது. திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம், சிவகிரி, புளியங்குடி வழியாகத் தென்காசி செல்லும் மலையடிவார வழி இன்றைய திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையாக உள்ளது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை. மறுபுறம் மலைநீரைத் தேக்கும் கண்மாய்த் தொடர்கள். மதுரையின் ஆட்சியாளருக்கும் தென்காசியின் பாண்டியனுக்கும் இடைப்பட்ட நிலம் இதுவே. இராசபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து அய்யனார் கோவிலில் தெய்வம் ‘நீர்காத்த அய்யனார்’ என்று வழங்கப்பெறுகிறது. அப்பெயரின் காலத்தை நான் 15-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லவில்லை. ஆனால் இவ்வட்டாரத்தில் ஆட்சி என்பது மலையிலிருந்து இறங்கும் நீரைக் காப்பதும் வழியைக் காப்பதும் என்பதை அது நினைவூட்டுகிறது. 1453-இன் திருவில்லிபுத்தூர்க் கல்வெட்டைத் திருப்பணிச் செய்தியாக மட்டும் வாசிக்காமல், தென்காசியை நோக்கிய வழியின் வாயிலில் நாட்டப்பட்ட உரிமைக் குறியாகவும் வாசிக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாசிப்புக்கு எதிரான சான்றுகளையும் மறைத்தல் கூடாது. புவனேகவீரன், சமரகோலாகலன் என்னும் பட்டங்கள் பொறித்த செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. இப்பட்டங்களோடு ஒருவர் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் சக 1391-இல் (கி.பி. 1469–70) கொடையளித்துள்ளார். இவரை வாணாதிராயராகக் கொள்வோர் கருத்து சரியானால், அவர் சிவன் கோயிலுக்கும் வாரி வழங்கியவர். காளையார்கோவில் கல்வெட்டுகளும் சிவன் கோயிலைச் சார்ந்தவையே. ஆகவே சைவப் பாண்டியர், வைணவ வாணாதிராயர் என்று கோடு கிழிப்பது பிழையாகும். நான் கூறுவது சமயப்பகை பற்றியதன்று. உரிமைக் கோரிக்கையை எழுதுவதற்கு எந்த மொழியைத் தேர்ந்தனர் என்பது பற்றியது.

பாணனும் பொன்முடியும்

வாணர்க்கும் முடிக்கும் உள்ள தொடர்புக்குப் பலரும் எடுத்துக்காட்டும் சான்று ஒன்றை இங்கு நான் ஏற்கவில்லை. 1216-இல் முடிசூடிய மாறவர்மன் சுந்தர பாண்டியன், தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டிச் சோழனின் பொன்முடியைப் பறித்துப் பாணனுக்குக் கொடுத்தான் என்று அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. இப்பாணன் வாண அரசனே என்று பொருள்கொண்டு, பாண்டியர் காலத்திலேயே வாணர்க்கு ஒரு முடி கிடைத்தது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் இக்கட்டுரையின் பொருளுக்கு வலுச்சேர்ப்பதே. ஆயினும் தமிழ்க் கல்வெட்டுகளில் இக்குடியின் பெயர் பெரிதும் ‘வாணன்’ என்றே வருகிறது. வென்ற வேந்தன் தோற்றவனின் முடியைப் பாடிவந்த பாணனுக்குப் பரிசிலாக எறிந்தான் என்பதே புகழ்ச்சிக்கும் இழிவுறுத்தலுக்கும் பொருந்துகிறது. ஒரு மெய்யெழுத்தின்மேல் ஒரு குடியின் அரசுரிமையை ஏற்றிவைக்க இயலாது.

அதே பாண்டியர் கல்வெட்டுகளில் வேறொரு குறிப்பு இதனினும் பயனுடையது. மதுரை அரண்மனையில் வேந்தன் வீற்றிருந்த பள்ளிப்பீடம் ‘மழவராயன்’ என்னும் பெயருடையது. அரசன் அமர்ந்த இருக்கைக்கே ஒரு குடித்தலைவரின் பட்டம் இடப்பட்டிருந்தது. அரியணை என்பது வேந்தன் குருதிக்கு மட்டும் உரியது, தலைவர்கள் அதனைச் சுற்றி நிற்பவர் என்று நாம் கொண்டுள்ள படம் 13-ஆம் நூற்றாண்டிலேயே அத்துணைத் தூயதாக இல்லை.

மானபூஷன் யார்?

1499-ஐ ஒட்டி நரச நாயக்கர் தெற்கே படை செலுத்தினார். அவர் மகன் கிருஷ்ணதேவராயரின் கல்வெட்டுகளில் வரும் வடமொழிக் குடிவழிப் பகுதி, நரசர் வென்றோர் வரிசையில் சேரன், சோழன், பாண்டியன் ஆகியோரையும் மதுரைத் தலைவனாகிய மானபூஷனையும் கூறுகிறது. பாண்டியனும் மானபூஷனும் ஒருவரே என்று கொண்டு, அவனைத் தென்காசிப் பாண்டியனாக அடையாளங்கண்டோர் சிலர். ஆனால் அத்தொடரில் ‘பாண்டியன்’ என்னும் சொல்லுக்கும் ‘மதுரைத் தலைவன்’ என்னும் சொல்லுக்கும் இடையில் ‘அபி ச’ என்னும் இணைப்புச் சொற்கள் நிற்கின்றன. ‘மற்றும்’ என்னும் பொருளில் அவற்றைக் கொண்டால் பாண்டியன் வேறு, மதுரைத் தலைவன் வேறு. செய்யுளின் ஓசை நிரப்ப வந்தவை என்று அவற்றை ஒதுக்கினால் இருவரும் ஒருவர்.

இலக்கணம் இரண்டுக்கும் இடந்தருகிறது. எனவே தீர்ப்பை வரலாற்றுச் சூழலே வழங்க வேண்டும். தென்காசியில் பாண்டியனும் மதுரையில் மகாநாயகனும் ஒரே காலத்தில் இருந்தனர் என்பதை ஏற்றால், அவ்விருவரையும் தனித்தனியே வென்றதாகக் கூறும் வாசிப்பு இயல்பாக அமைகிறது. ‘மதுராவல்லபன்’ என்னும் வடமொழித் தொடரும் ‘மதுராபுரி மகாநாயகன்’ என்னும் பட்டமும் ஒரே பொருளைத் தருவதும் கருதத்தக்கது. மானபூஷன் என்பது இயற்பெயராக இல்லாமல், மானத்தையே அணிகலனாக உடையவன் என்னும் அடையாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் தென்காசி மன்னர் பட்டியலில் அப்பெயரைத் தேடும் வேலையே தேவையற்றது.

நரசரின் படையெடுப்போடு குடி அழியவில்லை என்பதைக் காளையார்கோவில் கல்வெட்டுகள் காட்டின. அச்சுததேவராயர் 1532-ஐ ஒட்டித் தாமிரபரணி வரை படை செலுத்தித் திருவடி அரசனைப் பணியவைத்தார். பாண்டியன் மகளை மணந்தார் என்று இராசநாத திண்டிமரின் அச்சுதராயாப்யுதயம் கூறுகிறது. அவ்வாண்டுகளில் தென்காசியின் பாண்டியன் அச்சுதராயர்க்குப் பெண்கொடுத்த மாமனாக நின்றான். பாண்டியகுலத்துக்கு இயமன் எனத் தம்மைக் கூறிக்கொண்ட குடியின் சுந்தரத்தோளுடையார் அதே அச்சுதராயர்க்கு அடங்கிக் காளையார்கோவிலில் கொடை எழுதிக்கொண்டிருந்தார்.